காலிக் கட்டம் விட்ட மேதை மெண்டலீவ்

பள்ளிக்கூடத்து ரசாயன வகுப்பறைச் சுவரில் தொங்கிய அந்தப் பெரிய படத்தை எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்தோ போட்டு, பக்கத்தில் ஓர் எண்ணும் போட்டிருக்கும். பரீட்சைக்காக அதில் முதல் இருபது பெயர்களை உருப்போட்டவர்கள் நம்மில் அநேகர்.

அதுதான் தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணை. நாம் குடிக்கும் தண்ணீர், கட்டியிருக்கும் கைக்கடிகாரம், ரயில் ஓடும் தண்டவாளம், நம் உடம்பின் எலும்பு ஆகிய எல்லாமே அந்தக் கட்டங்களில் உள்ள தனிமங்களின் சேர்க்கைதான். 1869-ஆம் ஆண்டில் அதை வகுத்துத் தந்தவர் ரஷ்ய விஞ்ஞானி டிமிட்ரி இவானோவிச் மெண்டலீவ். கட்டங்களை நிரப்பியதைவிட, சில கட்டங்களைத் துணிந்து காலியாக விட்டதே அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது.

தாயின் உறுதி

மெண்டலீவ் 1834-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி சைபீரியாவில் உள்ள டோபோல்ஸ்க் என்ற ஊரில் பிறந்தார். பல குழந்தைகள் கொண்ட பெரிய குடும்பத்தில் அவரே கடைக்குட்டி. தந்தை இவான் பள்ளித் தலைமை ஆசிரியர். மகன் பிறந்த அதே ஆண்டில் தந்தையின் கண்பார்வை போயிற்று. பார்வையோடு வேலையும் போயிற்று. கிடைத்த சொற்ப பென்ஷன் அத்தனை வயிறுகளுக்கும் போதவில்லை.

தாய் மரியா டிமிட்ரியேவ்னா மனம் தளரவில்லை. அவரது பிறந்த வீட்டாருக்குச் சொந்தமான கண்ணாடித் தொழிற்சாலை ஒன்று பக்கத்துக் கிராமத்தில் இருந்தது. அதன் நிர்வாகத்தை ஏற்று நடத்தி, குழந்தைகளை வளர்த்தார். மணலும் சுண்ணாம்பும் உலையில் உருகிக் கண்ணாடியாக மாறும் விந்தையைச் சிறுவன் டிமிட்ரி அங்கேதான் பார்த்தான்.

1847-ல் தந்தை காலமானார். மறு ஆண்டு தொழிற்சாலையும் தீக்கு இரையாயிற்று. அப்போது அந்தத் தாய் ஐம்பது வயதைத் தாண்டியவர். கையில் இருந்ததைத் திரட்டிக்கொண்டு, கடைசி மகனை எப்படியும் படிக்க வைப்பது என்று முடிவு செய்தார். 1849-ல் மகனையும் ஒரு மகளையும் அழைத்துக்கொண்டு மாஸ்கோவுக்குப் புறப்பட்டார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். சைபீரியாவுக்கு அப்போது ரயில் கிடையாது. குதிரை வண்டியே கதி.

மாஸ்கோ சர்வகலாசாலை டிமிட்ரிக்கு இடம் தர மறுத்தது. பையன் வேறு பிராந்தியத்தைச் சேர்ந்தவன் என்பதே காரணம். வெளியூரிலிருந்து வந்து, மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தத் தாயின் மனநிலை புரியும். அவர் ஊர் திரும்பவில்லை. இன்னும் 650 கிலோமீட்டர் தள்ளி, தலைநகரான பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போனார். அந்த இரு நகரங்களுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1851-ல்தான்.

அங்கே, தந்தை படித்த அதே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், 1850-ல் மகனுக்கு இடம் கிடைத்தது. மகனைச் சேர்த்துவிட்ட சில மாதங்களுக்குள் தாய் கண்ணை மூடினார். பல ஆண்டுகள் கழித்து, 1887-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி நூலை மெண்டலீவ் அந்தத் தாயின் நினைவுக்கே காணிக்கை ஆக்கினார்.

நோயும் படிப்பும்

சில காலத்தில் உடன் வந்த சகோதரியும் காசநோயால் இறந்தார். மெண்டலீவும் இருமி ரத்தம் கக்கினார். நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று வைத்தியர்கள் கருதினார்கள். ஆனாலும் அவர் 1855-ல் தங்கப் பதக்கத்துடன் தேறினார். குளிர் குறைந்த தெற்குப் பகுதிக்கு ஆசிரியர் வேலையில் அனுப்பப்பட்டார். அங்கே பிரபல ரண வைத்தியர் பிரகோவ் அவரைப் பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தான நோய் எதுவும் இல்லை என்று தைரியம் அளித்தார்.

பின்னர் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ஆராய்ச்சி செய்தார். 1860-ல் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த ரசாயன விஞ்ஞானிகள் மாநாட்டில் கலந்துகொண்டார். ஒரே தனிமத்துக்கு ஆளுக்கொரு அணு எடை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எடைகளைச் சரியாகக் கணக்கிடும் வழியை இத்தாலிய விஞ்ஞானி கன்னிசாரோ அந்த மாநாட்டில் விளக்கினார். அது மெண்டலீவின் மனத்தில் பதிந்தது.

1867-ல் அவர் பீட்டர்ஸ்பர்க் சர்வகலாசாலையில் ரசாயனப் பேராசிரியர் ஆனார். மாணவர்களுக்குத் தரமான பாடநூல் இல்லாததால் தாமே எழுதத் தொடங்கினார். அப்போதுதான் சிக்கல் எழுந்தது. அன்று தெரிந்திருந்த தனிமங்கள் 63. எதை முதலில் சொல்வது, எதை எதன் பக்கத்தில் வைப்பது?

காலண்டர் போல ஒரு வரிசை

அணு எடைப்படி வரிசைப்படுத்திப் பார்த்தார். லித்தியம் 7, பெரிலியம் 9, போரான் 11, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்ஸிஜன் 16, புளோரின் 19. அடுத்தது சோடியம் 23. இந்த எட்டாவது தனிமம் முதலாவதான லித்தியத்தைப் போலவே நடந்துகொள்கிறது. இரண்டும் மிருதுவான உலோகங்கள். இரண்டும் தண்ணீரில் பட்டதும் சீறிப் பாய்கின்றன. சோடியத்துக்குப் பிறகு ஏழு இடம் தள்ளி வரும் பொட்டாசியமும் அதே குணம் கொண்டது.

வீட்டுச் சுவரில் உள்ள மாதக் காலண்டரைப் பாருங்கள். தேதிகள் ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போகின்றன. ஆனால் ஏழு நாளைக்கு ஒரு முறை அதே கிழமை திரும்ப வருகிறது. ஞாயிறுக்குக் கீழே ஞாயிறு, திங்களுக்குக் கீழே திங்கள். அதுபோல் எடை ஏற ஏற, தனிமங்களின் குணம் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆவர்த்தனம் என்ற பெயர் இதனால் வந்ததே.

இங்கிலாந்தில் நியூலண்ட்ஸ் என்பவர் சில ஆண்டுகள் முன்பே இதைக் கவனித்தார். எட்டுக்கு ஒன்று என்ற கணக்கை எல்லாத் தனிமங்களுக்கும் பொருத்தப் பார்த்தார். கனமான தனிமங்களுக்கு வந்தபோது அந்தக் கணக்கு உதைத்தது. இருப்பதைக் கொண்டே எல்லா இடத்தையும் நிரப்ப முயன்றதால், சம்பந்தம் இல்லாதவை ஒன்றாக வந்து சேர்ந்தன. சபையில் அவரைக் கேலி செய்தார்கள். ஜெர்மனியில் லோதர் மேயரும் ஏறக்குறைய மெண்டலீவின் வழியிலேயே சிந்தித்துக்கொண்டிருந்தார்.

மெண்டலீவின் அட்டவணையில் கீழ் வரிசைகள் நீளமாக இருந்தன. குணம் பொருந்தவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் எதையும் திணிக்காமல் விட்டுவிட்டார். ஆபீஸில் பணியாளர் பட்டியல் எழுதும் குமாஸ்தா, பதவிக்கு ஆள் வரவில்லை என்றால் அடுத்தவர் பெயரை மேலே ஏற்றிவிடுவதில்லை. பதவியை எழுதி, எதிரே காலி என்று குறிப்பார். மெண்டலீவ் செய்ததும் அதுவே. 1869 மார்ச் மாதம் ரஷ்ய ரசாயன சங்கத்தின் கூட்டத்தில் அவரது கட்டுரையை நண்பர் ஒருவர் படித்தார்.

நம் நாட்டுச் சொல்

1871-ல் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். காலிக் கட்டங்களில் மூன்றுக்கு உரிய, யாரும் கண்டிராத தனிமங்களின் எடை இவ்வளவு, அடர்த்தி இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதினார். காலண்டரில் ஒரு தேதி கிழிந்திருந்தாலும், அது எந்தக் கிழமை என்று மேலும் கீழும் பார்த்துச் சொல்லிவிடலாம் அல்லவா?

பெயர் இல்லாத அந்தத் தனிமங்களுக்கு அவர் சூட்டிய தற்காலிகப் பெயர்கள் நமக்கு வியப்பும் பெருமையும் தருவன. ஏக அலுமினியம், ஏக போரான், ஏக சிலிக்கான். ஏகாதசி, ஏகாந்தம் என்று நாம் வழங்கும் அதே சம்ஸ்கிருத ஏக. அலுமினியத்துக்கு அடுத்து ஒரு படி கீழே வருவது என்று பொருள். ரஷ்ய விஞ்ஞானி ஒருவர் பாரத நாட்டு எண்களைக் கொண்டு காலி இடங்களுக்குப் பெயர் வைத்தார்.

பலர் இதை ஜோசியமாகவே கருதினார்கள். நான்கு ஆண்டுகள் சென்றன. 1875-ல் பிரெஞ்சு விஞ்ஞானி புவாபோத்ரான் ஒரு புதிய தனிமத்தைக் கண்டு அதற்குக் காலியம் என்று பெயரிட்டார். அது ஏக அலுமினியமே என்று மெண்டலீவ் அறிவித்தார். அதன் அடர்த்தி 4.7 என்று புவாபோத்ரான் அளந்திருந்தார். அளவு தவறு, 6-க்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று மெண்டலீவ் எழுதினார். பொருளைக் கண்ணால் பார்க்காதவர், கையில் வைத்திருந்தவரைத் திருத்தினார்! புவாபோத்ரான் சுத்தம் செய்து மறுபடி அளந்தார். விடை 5.9.

1879-ல் ஸ்வீடனின் நில்சன் ஸ்காண்டியத்தைக் கண்டார். அது ஏக போரான். 1886-ல் ஜெர்மனியின் விங்க்ளர் ஜெர்மேனியத்தைக் கண்டார். அது ஏக சிலிக்கான். அதன் அணு எடை 72 என்று மெண்டலீவ் குறித்திருந்தார். கிடைத்தது 72.6. மூன்று கட்டங்களும் நிரம்பின. கேலி செய்தவர்கள் மௌனமானார்கள். லண்டன் ராயல் சொசைட்டி 1882-ல் மெண்டலீவுக்கும் மேயருக்கும் டேவி பதக்கம் வழங்கியது. பின்னால் 1887-ல் நியூலண்ட்ஸையும் அந்தப் பதக்கம் தேடி வந்தது.

பதவியை உதறியவர்

உலகம் கொண்டாடிய மெண்டலீவை, 1880-ல் பீட்டர்ஸ்பர்க் விஞ்ஞானக் கழகம் தன் உறுப்பினராக ஏற்கவில்லை. 1887-ல் சூரிய கிரகணத்தை ஆராய அவர் பலூனில் ஏற இருந்தார். மழையில் நனைந்த பலூன் இருவரைத் தூக்கவில்லை. ஓட்டுநரை இறக்கிவிட்டு, பலூன் ஓட்டி அறியாத அவர் தனியாகவே ஏறிப் போய்ப் பத்திரமாக இறங்கினார்.

1890-ல் மாணவர்கள் கிளர்ச்சி செய்தபோது, அவர்களது மனுவைக் கல்வி மந்திரியிடம் தாமே எடுத்துச் சென்றார். மனு திருப்பி அனுப்பப்பட்டது. மெண்டலீவ் பேராசிரியர் வேலையை விட்டு விலகினார். பிறகு எடை, அளவு நிலையத்தின் தலைவரானார். கிலோ, மீட்டர் முறை ரஷ்யாவில் நுழைய அவர் பாடுபட்டார்.

அணுவுக்குள் இருந்த காரணம்

குணங்கள் ஏன் திரும்ப வருகின்றன? இந்தக் கேள்விக்கு மெண்டலீவிடம் விடை இல்லை. அணுவைப் பிளக்க முடியாது என்றே அவர் நம்பினார். 1897-ல் தாம்ஸன் எலெக்ட்ரானைக் கண்ட பிறகும் அவர் அந்தக் கருத்தை எளிதில் ஏற்கவில்லை.

விடை பிறகு வந்தது. அணுவின் நடுவில் கரு உண்டு என்று ரூதர்போர்டு 1911-ல் காட்டினார். 1913-ல் மோஸ்லி என்ற ஆங்கிலேய இளைஞர், தனிமங்கள் விடும் எக்ஸ் கதிர்களை அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் இருப்பதைக் கண்டார். அதுவே அணு எண். கருவில் எத்தனை புரோட்டான் உண்டோ அதுவே அந்த எண். எடையில் டெல்லூரியம் அயோடினைவிட அதிகம். இருந்தும் குணத்தைப் பார்த்து மெண்டலீவ் டெல்லூரியத்தை முன்னால் வைத்திருந்தார். அணு எண்படி டெல்லூரியம் 52, அயோடின் 53. அவர் வைத்த வரிசை சரி. மோஸ்லி 1915-ல் கலிபோலிப் போர்க்களத்தில் 27 வயதில் குண்டு பட்டு மாண்டார்.

கருவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் அடுக்கடுக்காக உள்ளன. லித்தியத்தில் 2, 1. சோடியத்தில் 2, 8, 1. பொட்டாசியத்தில் 2, 8, 8, 1. மூன்றிலும் வெளி அடுக்கில் இருப்பது ஒன்றே. பிற அணுக்களோடு சேர்வதும் பிரிவதும் வெளி அடுக்கின் வேலை. அதனால் மூன்றும் ஒரே குணம் காட்டுகின்றன. அணுவின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத காலத்தில், அதன் உள்ளமைப்பை ஒட்டிய படத்தை மெண்டலீவ் வெளியிலிருந்தே வரைந்துவிட்டார்.

1906-ல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் அடிபட்டும், பரிசு வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி அவர் காலமானார். இறுதி ஊர்வலத்தில் மாணவர்கள் அவரது அட்டவணையை உயர்த்திப் பிடித்து நடந்தார்கள்.

ஏக மாங்கனீஸ் என்று அவர் விட்ட கட்டம் 1937-ல்தான் நிரம்பியது. மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமமான டெக்னீஷியம் அங்கே அமர்ந்தது. 1955-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் 101-வது தனிமத்தை உண்டாக்கினார்கள். ரஷ்யாவும் அமெரிக்காவும் பகைத்து நின்ற காலம் அது. ஆனாலும் அவர்கள் அதற்கு மெண்டலீவியம் என்றே பெயர் வைத்தார்கள். 2016-ல் கடைசி நான்குக்குப் பெயர் சூட்டியதோடு தனிமங்கள் 118 ஆயின.

தெரிந்ததை எழுதிவைக்கப் பலரால் முடியும். தெரியாததற்கும் ஓர் இடம் ஒதுக்கி, அது வரும் வரை பொய்யால் அதை நிரப்பாமல் இருக்க நேர்மை வேண்டும். இந்த ஆண்டு உங்கள் பிள்ளை ஆவர்த்தன அட்டவணையை உருப்போடும்போது, குதிரை வண்டியில் மகனோடு புறப்பட்ட அந்தச் சைபீரியத் தாயின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.