கேள்வி கேட்கக் கற்பித்தவர்

ஹெரால்டு ரக் 1886ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிட்ச்பர்க்கில் பிறந்தார். டார்ட்மத் கல்லூரியில் பொறியியல் பயின்ற அவர், பின்னர்க் கல்வித்துறையை நாடி 1915இல் முனைவர் பட்டம் பெற்றார். 1920 முதல் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றினார்.

வரலாறு, புவியியல், குடிமையியல் எனத் தனித்தனியே நின்ற பாடங்களை ஒன்றாக இணைத்து அவர் எழுதிய சமூக அறிவியல் பாடநூல்கள் 1929 முதல் வெளிவந்து, பொதுப்பள்ளிகளில் இலட்சக்கணக்கில் பரவின. வேலையின்மை ஏன் நேர்கிறது, செல்வம் சிலரிடமே சேர்வது எதனால் என்று அவை மாணவரைச் சிந்திக்கத் தூண்டின. 1932இல் வந்த தொகுதி இரசியப் புரட்சியையும் சோவியத் ஆட்சியையும் உலக வரலாற்றின் ஒரு பகுதியாகவே எடுத்துரைத்தது.

அதுவும் குற்றமாயிற்று. அவருடைய நூல்கள் நாட்டுக்குத் துரோகம் இழைப்பதாக 1940இல் முன்னாள் படைவீரர் அமைப்பான அமெரிக்கன் லீஜனின் இதழ் சாடியது. வணிகத் துறையினர் சிலரும் உடன் சேர்ந்தனர். ஒஹையோ மாநிலத்துப் பிராட்னரில் நூற்படிகள் தீயிடப்பட்டன. தாம் பொதுவுடைமைவாதி அல்லர் என்று ரக் நேரில் சென்று வாதாடினார். 1941இல் தன்னிலை விளக்கமாக ஒரு நூலும் எழுதினார். ஆயினும் அவருடைய பாடநூல்கள் வகுப்பறைகளை விட்டு மெல்ல மறைந்தன.

1960இல் அவர் காலமானார். மறு ஆண்டே ஃபுளோரிடா மாநிலம், பொதுவுடைமையின் தீமைகளை உயர்நிலைப் பள்ளிகளில் 30 மணி நேரமேனும் கற்பிக்கச் சட்டம் இயற்றியது. விடையை முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட பாடம் அது.

கற்பனையாற்றலை ஆராயும் அவருடைய இறுதி நூல் 1963இல் வெளிவந்தது. பிள்ளைகளின் கேள்விக்கு அஞ்சும் இடத்தில் கவிதையும் தழைக்காது என்பதை அறிந்த நாம், அவரை நன்றியோடு நினைவுகூர்வோம்.