ஓரியூர் மணலும் லிஸ்பனில் ஒரு தாயும்

ராமேஸ்வரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் காரில் போகிறவர்கள் நம் குடியிருப்பில் பலர் இருக்கிறீர்கள். அடுத்த முறை தொண்டிப் பக்கம் வந்ததும் அவசரப்படாமல், உள்ளே தள்ளியிருக்கும் ஓரியூருக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். அங்கே மணல் செக்கச்செவேல் என்றிருக்கும். வருகிறவர்கள் அதை ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டு போவார்கள். புனித அருளானந்தரின் ரத்தம் சிந்திச் சிவந்த மண் என்பது நம்பிக்கை.

பெயரைக் கேட்டால் நம் ஊர்க்காரர் என்றுதான் தோன்றும். ஆனால் அவர் பிறந்தது போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில், 1647 மார்ச் 1 அன்று. இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. தேவகோட்டையில் தே பிரித்தோ பள்ளியில் படித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் உடனே புரிந்திருக்கும். பிரபுக் குடும்பம். சிறுவயதில் அரண்மனையில் இளவரசர் பெத்ருவுக்குத் தோழனாக வளர்ந்தார். ஒருமுறை கடும் நோயில் விழுந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் இயேசு சபைத் துறவிகளின் அங்கியை உடுத்தி வைக்கிறேன் என்று தாயார் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். அங்கியும் உடுத்தினான். நேர்த்திக்கடன் ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்றுதான் அந்த அம்மா நினைத்திருப்பார். 1662-ல் மகன் நிஜமாகவே அந்தச் சபையில் சேர்ந்துவிட்டார். இந்தியாவுக்குப் புறப்பட்டபோது தடுக்க அவர் எவ்வளவோ முயன்றார். 1673-ல் கப்பல் ஏறியாகிவிட்டது.

மதுரை மிஷனில் அவருக்கு முன்பே ராபர்ட் தெ நொபிலி போட்ட வழி இருந்தது. இந்த மண்ணின் துறவிபோல வாழாவிட்டால் இங்கே யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்பது அவர் கண்டது. அந்த வழியில் டி பிரிட்டோ பண்டாரசுவாமி ஆனார். காவி உடை, மரக்கறி உணவு, மது இல்லை, தமிழ்ப் பெயர். எல்லாச் சாதியாரோடும் பழகப் பண்டாரசுவாமிக்கு வழி இருந்தது. அதற்காகவே அவர் அந்தக் கோலத்தை ஏற்றார்.

இனி மறவர் சீமைக்கு வருவோம். அன்றைக்கு அதை ஆண்டவர் ரகுநாத கிழவன் சேதுபதி. போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்குத் தலைநகரை மாற்றிக் கோட்டை கட்டியவர். சேதுவுக்கும் ராமேஸ்வரம் கோயிலுக்கும் காவலர் என்பதுதான் அந்த வம்சத்தின் பெருமையே. அந்தச் சீமையில் ஒரு புது மார்க்கம் பரவுவதை மன்னர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நீங்களே யோசியுங்கள்.

1686-ல் அருளானந்தரையும் உபதேசியார்களையும் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். குளத்தில் அமிழ்த்தினார்கள், பாறையில் கிடத்தி மிதித்தார்கள். சாவுக்கு அவர் தயாராகவே இருந்தார். ஆனால் நடந்தது வேறு. சேதுபதி அவரை ராமநாதபுரத்துக்கு வரவழைத்து விசாரித்து, இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுதலை செய்துவிட்டார்.

எனக்கு அவர் வாழ்க்கையில் மிகக் கடினமான இடம் இதுதான் என்று படுகிறது. உயிரைக் கொடுக்கத் துணிந்த ஒருவருக்கு, உயிரோடு வீட்டுக்குப் போகச் சொன்னால் என்ன செய்வார்? அதுவும் நிஜமாகவே வீட்டுக்கு. மறு ஆண்டே சபைப் பணியாக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். லிஸ்பனில் அப்போது அரசர் யார் என்றால், பழைய விளையாட்டுத் தோழர் பெத்ரு. இங்கேயே இருந்துவிடு என்று பலரும் வற்புறுத்தினார்கள். கிராங்கனூர் பேராயர் பதவியும் வந்தது. கௌரவமான வேலை, யாரும் குறை சொல்ல முடியாது. அவர் இரண்டையும் மறுத்துவிட்டு, போதிக்கக் கூடாது என்று தடை போட்ட அதே மறவர் சீமைக்கே திரும்பினார்.

முடிவு வந்தது ஒரு வீட்டு விவகாரத்தில். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர், சேதுபதியின் பட்டத்துக்கே உரிமை கோரக்கூடிய கிளையில் வந்தவர். கடும் நோயிலிருந்து கிறிஸ்தவ ஜெபத்தால் குணமானதாக நம்பி ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரோடுதான் வாழலாம் என்பது அருளானந்தரின் கண்டிப்பு. தேவர் ஒப்புக்கொண்டு மூத்தவரை வைத்துக்கொண்டார். 1693 ஜனவரி 6-ல் ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்டவர்களில் இளையவர் சேதுபதிக்கு நெருங்கிய ரத்த உறவு. நேரே அரண்மனைக்குப் போய் முறையிட்டார். புனிதர் கதைகளில் இந்தப் பெண்ணை வில்லியாகவே காட்டிவிடுகிறார்கள். அவர் பக்கம் நின்று பார்த்தால், ஒரே நாளில் வீடும் அந்தஸ்தும் போனது அவருக்குத்தான். மன்னருக்கோ பட்டத்துப் போட்டியாளர் ஒருவர் புதுக் கூட்டம் சேர்க்கிறார் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

இரண்டே நாளில் கைது. ராமநாதபுரத்தில் வெளிப்படையாகக் கொன்றால் கலவரம் வரும் என்று, சேதுபதி அவரை ஓரியூரில் இருந்த தம்பியிடம் அனுப்பினார். சிறையில் கரியைத் தண்ணீரில் குழைத்துத் துரும்பால் தொட்டுச் சக குருக்களுக்குக் கடிதம் எழுதினார். 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன்கிழமை, வாளுக்கு இரையானார். வயது 46 நிறையவில்லை.

இந்தக் கரையில் உயிர்விட்ட முதல் இயேசு சபைத் துறவி அவரல்ல. மண்டபம் பக்கத்து வேதாளையில் 1549-லேயே அந்தோனி கிரிமினாலி கொல்லப்பட்டிருக்கிறார். ஆனால் மக்கள் மனதில் நின்றவர் அருளானந்தர்தான். 1947 ஜூன் 22-ல், நம் சுதந்திரத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது, போப் அவரைப் புனிதராக அறிவித்தார். பிப்ரவரி 4-ல் அவர் திருநாள். அந்த நாளை ஒட்டிப் போனால் ஓரியூரில் நல்ல கூட்டம் இருக்கும், காரைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்கள்.

மரணச் செய்தி லிஸ்பனுக்குப் போய்ச் சேர்ந்ததும், அரசர் பெத்ரு நன்றி வழிபாடு நடத்த உத்தரவிட்டார். அருளானந்தரின் தாயாரும் வந்தார். அன்று அவர் துக்க உடை அணியவில்லை. விழாவுக்குப் போகும் பட்டாடை அணிந்திருந்தார்.