400 அட்டைப்படம் வரைந்த தாத்தா



நம்ம கையெழுத்து இதழுக்கு மாசாமாசம் தலைப்புப் படம் வரையுற வேலை என்னோடது. மூணாவது மாசமே அலுத்துப் போச்சு. இனி வேற யாரையாவது வரையச் சொல்லுங்கன்னு தமிழய்யாகிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அப்பதான் இந்தத் தாத்தாவைப் பற்றித் தெரிஞ்சுகிட்டேன்.

லயன் காமிக்ஸ் படிக்கிறவங்களுக்கு டெக்ஸ் வில்லரைத் தெரியாம இருக்காது. மஞ்சள் சட்டை போட்ட நம்ம இரவுக் கழுகார்தான்! கதை நடக்கிறது அமெரிக்காவில். ஆனால் அவரை உருவாக்கியவர்கள் இத்தாலிக்காரர்கள். கதை எழுதியவர் ஜான் லூயிஜி பொனெல்லி. படம் வரைந்தவர் அவுரேலியோ கலெப்பினி. சுருக்கமாக, கலெப்.

கலெப் 1917-இல் இத்தாலியின் டஸ்கனி பகுதியில் பிறந்தார். அப்பா அம்மா சார்டீனியா தீவுக்காரர்கள். 1948-இல் பொனெல்லி அவருக்கு ஒரே சமயத்தில் இரண்டு தொடர்கள் கொடுத்தார். ஒன்று 'ஒக்கியோ கூப்போ'. பெரிய அளவுப் புத்தகம், இதுதான் ஓடும் என்று எல்லோரும் நம்பினார்கள். இன்னொன்று டெக்ஸ். நீளவாட்டில் ஒரு சின்னப் புத்தகம், அவ்வளவுதான். அதனால் பகலெல்லாம் பெரிய தொடரை வரைந்துவிட்டு, மிச்ச நேரத்தில், ராத்திரி கண்விழித்து டெக்ஸை வரைந்தார்.

நடந்தது என்ன தெரியுமா? பகலில் வரைந்தது சீக்கிரமே நின்னு போச்சு. ராத்திரியில் வரைந்தது இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது!

டெக்ஸ் புகழ் பெற்றதும் ஒரே ஆளால் எல்லாப் பக்கத்தையும் வரைய முடியவில்லை. லெத்தேரி, நிக்கோலோ, டிச்சி, ஃபுஸ்கோ என்று மற்ற ஓவியர்களும் கதைகளை வரைந்தார்கள். ஆனால் 1958-இல் தொடங்கிய பெரிய புத்தக வரிசையின் அட்டைப்படத்தை மட்டும் கலெப் விடவே இல்லை. 1-ஆம் இதழ், 100, 200, 300... தலை நரைத்த பிறகும் அதே டெக்ஸ், அதே குதிரை. ஆனால் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு படம் யோசிக்கணும். நினைச்சுப் பாருங்க!

1994 பிப்ரவரியில் 400-ஆவது இதழ் வந்தது. அதன் அட்டையில் டெக்ஸ் வாசகர்களிடம் விடைபெறுவது போல வரைந்திருந்தார். அதுதான் அவருடைய கடைசி அட்டை. அடுத்த மாதமே, மார்ச் 10-ஆம் தேதி, 76 வயதில் காலமானார். 401-ஆவது இதழிலிருந்து கிளாடியோ வில்லா என்ற ஓவியர் அட்டை வரைய ஆரம்பித்தார்.

இதைப் படிச்சதும் எனக்கு வெட்கமா போச்சு. அவர் 400, நான் வெறும் மூணு! எந்த வேலை நிலைக்கும், எது நிலைக்காதுன்னு செய்யும்போது யாருக்கும் தெரியாது போல. அதனால் சின்ன வேலைன்னு நினைக்கிறதையும் ஒழுங்கா செய்யணும்.

தமிழய்யாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. மேலே இருக்கும் தலைப்புப் படம் நேற்று ராத்திரி நான் வரைந்ததுதான். குதிரைக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டையாயிடுச்சு. அடுத்த மாசம் சரி பண்ணிடறேன்!