பந்து வீச்சு வீரர் பல்வங்கர் பாலு

கொங்கு நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் நமக்கெனத் தனிக் குவளை வைத்த கொடுமையை நம் பெரியோர் நன்கறிவர். அத்தகைய தனிக் குவளையில் தேநீர் பருகியவாறே இந்தியக் கிரிக்கெட்டின் முதற்பெரும் பந்து வீச்சாளராக உயர்ந்தவர் பல்வங்கர் பாலு. கோவை மாவட்டத்துத் திடல்களில் உடலைப் பழக்கும் நம் இளைஞர்கள் அவர் வரலாற்றை அறிதல் வேண்டும்.

1876ஆம் ஆண்டில் தார்வாரில், தோல் தொழிலுக்குரியதெனத் தாழ்த்தப்பட்ட குலத்தில் அவர் தோன்றினார். தந்தையார் படைவீரர். பூனாவில் வளர்ந்த பாலு, பார்சியர் கிளப் ஒன்றில் மாதம் 3 ரூபாய் ஊதியத்தில் ஆடுகளம் பெருக்கினார். 1892இல் ஐரோப்பியரின் பூனா கிளப்பில் 4 ரூபாய்க்கு அமர்ந்தார். உருளையால் களத்தைச் சமன் செய்வதும் வலை கட்டுவதும் அவர் பணி.

அங்கே வலைப் பயிற்சியில் பந்து வீசும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. கிரேக் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, சிறந்த மட்டையாளர், பிறருக்கு முன்பே வந்து பாலுவின் இடக்கைச் சுழற்பந்தை எதிர்கொண்டு பழகுவார். தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா அளித்தார் என்பர். வலிமை மிக்க எதிரியை நாள்தோறும் சந்தித்ததே பாலுவின் பயிற்சிக்கூடமாயிற்று. ஆனால் மட்டையை அவர் கையில் எவரும் கொடுத்திலர்.

பின்னர் இந்துக்கள் அணி அவர் திறனை நாடியது. களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், தேநீர் வேளையில் அவருக்கு வெளியே மண் குவளையில் தந்தனர். 1911இல் பட்டியாலா மன்னர் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணியில் அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் தலைமைப் பதவி அவருக்குத் தரப்படவில்லை. 1920இல் அவரை அணியினின்று நீக்கியபோது, தம்பியர் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினர். அதன் பின்னரே பாலு துணைத் தலைவரானார். 1923இல் விட்டல் அணித் தலைவரானார். அண்ணனுக்கு மூடப்பட்ட கதவு தம்பிக்குத் திறந்தது.

அரசியலில் பாலு அண்ணல் அம்பேத்கருடன் மாறுபட்டு, 1937 தேர்தலில் அவரை எதிர்த்துத் தோற்றார். 1955இல் மறைந்தார்.

உழைப்பு ஒன்றே வலிமையாகாது என்பதை நாம் இவ்வாழ்வில் காண்கிறோம். பயிற்சியில் தளர்ந்த தசை, நல்லுணவிலும் உறக்கத்திலுமே உரம் பெறுகிறது; பிழையைத் திருத்த ஆசானும் வேண்டும். பாலுவுக்கு இவற்றை வகுத்தளிக்க எவருமில்லை. நம் பிள்ளைகளுக்கு அவை கிட்டச் செய்தல் நம் கடன். திறமைக்குரிய இடம் மறுக்கப்படும்போது விட்டலும் சிவராமும் போல் ஒன்றுபட்டு நிற்றல், இளைஞர்களே, உங்கள் கடன்.