கேத்தே கோல்விட்ஸ்

கேத்தே கோல்விட்ஸ் (ஜூலை 8, 1867 – ஏப்ரல் 22, 1945) ஜெர்மனியைச் சேர்ந்த ஓவியரும் அச்சுக்கலைஞரும் சிற்பியும் ஆவார். தொழிலாளர் வறுமை, பசி, போரில் பிள்ளைகளை இழந்த தாய்மாரின் துயரம் ஆகியவற்றைத் தமது படைப்புகளின் கருப்பொருளாகக் கொண்டவர். பசித்தோருக்கு உதவி கோரியும் போரை எதிர்த்தும் இவர் வரைந்த சுவரொட்டிகள் புகழ்பெற்றவை.

இளமை

கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் (இன்று ரஷ்யாவின் காலினின்கிராட்) பிறந்தார். இயற்பெயர் கேத்தே ஷ்மிட். தந்தை கார்ல் ஷ்மிட் கட்டடத் தொழில் செய்தவர். சமூக சனநாயகக் கொள்கையில் பற்றுடையவர். மகளின் ஓவியத் திறனைக் கண்டு அவருக்குப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். பெர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கென இயங்கிய கலைப்பள்ளிகளில் கேத்தே பயின்றார்.

1891 இல் மருத்துவர் கார்ல் கோல்விட்ஸை மணந்தார். பெர்லினில் தொழிலாளர் மிகுந்து வாழ்ந்த பகுதியில் கணவர் மருத்துவம் பார்த்தார். அவரிடம் வந்த ஏழைப் பெண்களின் வாழ்க்கை கேத்தேயின் கலைக்கு அடிப்படையாயிற்று. இவர்களுக்கு ஹான்ஸ் (1892), பீட்டர் (1896) என இரு மகன்கள் பிறந்தனர்.

அச்சுக்கலையும் அரசின் எதிர்ப்பும்

வண்ண ஓவியத்தை விட்டு, செப்புத் தகடு, கல், மரப்பலகை ஆகியவற்றிலிருந்து அச்சிடும் கறுப்பு வெள்ளைப் படங்களையே இவர் பெரிதும் உருவாக்கினார். ஓர் ஓவியம் ஒருவரிடம் மட்டுமே இருக்கும். அச்சுப்படத்தையோ பல படிகள் எடுத்துப் பலரிடம் சேர்க்க இயலும்.

1844 ஆம் ஆண்டு சிலேசிய நெசவாளர் கிளர்ச்சி பற்றிய கெர்கார்ட் ஹாப்ட்மனின் நாடகத்தை 1893 இல் கண்டபின், நெசவாளர் எழுச்சி என்னும் ஆறு படங்களின் வரிசையை உருவாக்கினார். 1898 இல் பெர்லினில் காட்சிக்கு வைக்கப்பட்ட இவ்வரிசைக்குப் பதக்கம் வழங்கப் பரிந்துரைக்கப்பட்டது. பேரரசர் இரண்டாம் வில்லியம் அதனை ஏற்க மறுத்துவிட்டார். 1906 இல் வீட்டிலிருந்தே கூலிவேலை செய்வோர் பற்றிய கண்காட்சிக்காக, களைத்துப்போன பெண் ஒருத்தியின் முகத்தைச் சுவரொட்டியாக வரைந்தார். அது அகற்றப்படும்வரை கண்காட்சிக்கு வரப் பேரரசி மறுத்தார். 16 ஆம் நூற்றாண்டின் உழவர் கிளர்ச்சியைச் சித்தரிக்கும் ஏழு படங்களை 1908 இல் நிறைவு செய்தார்.

மகனின் இறப்பு

1914 இல் முதலாம் உலகப்போர் தொடங்கியபோது, 18 வயதான பீட்டர் படையில் சேர விரும்பினார். வயது நிரம்பாததால் தந்தையின் ஒப்புதல் தேவைப்பட்டது. தந்தை மறுக்க, மகனுக்காகப் பேசி இசையச் செய்தவர் கேத்தேயே. அவ்வாண்டு அக்டோபரில் பீட்டர் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார். இக்குற்ற உணர்வு இவரை நெடுங்காலம் வருத்தியது. இவருடைய கலையின் திசையையும் மாற்றியது. முன்பு கிளர்ச்சியை வரைந்தவர், பின்னர் இளைஞரைப் பலிகொடுப்பதையே எதிர்க்கலானார்.

போர் என்னும் ஏழு மரச்செதுக்குப் படங்களில் (1921–1922) போர்க்களக் காட்சி எதுவும் இல்லை; பெற்றோர், கைம்பெண், தாய்மார் ஆகியோரே பெரும்பாலும் இடம்பெறுகின்றனர். ஜெர்மனியின் குழந்தைகள் பட்டினி (1923), இனி ஒருபோதும் போர் வேண்டாம் (1924) ஆகிய சுவரொட்டிகளும் இக்காலத்தவை. மகனுக்காக 1914 இல் எண்ணிய நினைவுச்சின்னம் 18 ஆண்டுகளுக்குப் பின், 1932 இலேயே பெல்ஜியப் போர்க் கல்லறையில் நிறுவப்பட்டது. மண்டியிட்ட தாயும் தந்தையுமான அச்சிலைகள் இன்று விளாட்ஸ்லோ கல்லறையில் உள்ளன.

நாசி ஆட்சியில்

1919 இல் பிரஷ்யக் கலைக் கழகத்துக்குத் தெரிவான இவர், அங்கு பேராசிரியர் பட்டமும் பெற்றார். நாசிகளுக்கு எதிராக இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுபட வேண்டும் என்னும் அறிக்கையில் கையொப்பமிட்டதால், 1933 இல் கழகத்திலிருந்து விலக நிர்ப்பந்திக்கப்பட்டார். 1936 இல் கெஸ்டாப்போ இவரை விசாரித்தது. படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் வாய்ப்பும் மறுக்கப்பட்டது. எனினும் நாட்டைவிட்டு வெளியேறவில்லை.

1940 இல் கணவர் காலமானார். 1942 இல் பீட்டர் என்றே பெயரிடப்பட்டிருந்த பேரனும் ரஷ்யப் போர்முனையில் மாண்டார். அக்காலத்தில் வெளிவந்த இறுதிக் கல்லச்சுப் படம், சிறுவர்களைத் தன் கைகளுக்குள் மறைத்துக் காக்கும் தாயைக் காட்டுகிறது. 1943 இல் குண்டுவீச்சில் பெர்லின் வீடு அழிந்தது. ஐரோப்பாவில் போர் முடிய 16 நாட்களே இருந்த நிலையில் மோரிட்ஸ்பெர்க்கில் இறந்தார்.

தாக்கம்

சீன எழுத்தாளர் லூ சுன் 1936 இல் இவருடைய அச்சுப்படங்களைத் தொகுத்து வெளியிட்டார். அவை சீன மரச்செதுக்குக் கலைஞர்களிடம் தாக்கத்தை ஏற்படுத்தின. இறந்த மகனை மடியில் ஏந்திய தாய் என்னும் இவரது சிறிய சிற்பத்தின் பெரிதாக்கப்பட்ட வடிவம், 1993 முதல் பெர்லினின் நோயே வாகே நினைவகத்தில் உள்ளது. கோல்ன், பெர்லின், மோரிட்ஸ்பெர்க் ஆகிய இடங்களில் இவர் பெயரில் அருங்காட்சியகங்கள் அமைந்துள்ளன.