தொலைவை அளந்த எமரி போகார்டஸ்

சமூக இடைவெளி என்ற சொல்லைக் கொரோனாக் காலம் ஆறடித் தூரமாகச் சுருக்கிவிட்டது. சமூகவியலில் அதற்கு முன்பே வேறு பொருள் இருந்தது. அதை அளக்க வழி கண்டவர் எமரி போகார்டஸ்.

1882இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த அவர், சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்று, 1911இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1915இல் அங்குச் சமூகவியல் துறையை நிறுவினார். ஆசியக் குடியேறிகள் நிலம் வாங்குவதை 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்த மாநிலம் அது.

ராபர்ட் பார்க்கின் தூண்டுதலால் 1920களின் நடுவில் அவர் உருவாக்கிய அளவுகோலில் ஏழு படிகள். ஓர் இனத்தவரை மண உறவில் ஏற்பது முதற்படி. அடுத்தடுத்து, சங்கத்தில் நண்பராக, தெருவில் அண்டைவீட்டாராக, தொழிலில் உடன் பணியாற்றுபவராக, குடிமக்களாக, வெறும் வருகையாளராக ஏற்பது. ஏழாவது, நாட்டுக்குள்ளேயே விடக் கூடாது என்பது. வெறுப்பு எந்தப் படியில் கதவைச் சாத்துகிறது என்பதைக் காட்டியதே இதன் வலிமை. வகுப்பில் அருகமர்த்தி, வாடகை வீட்டை மறுக்கும் ஊரில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1926இல், பெரும்பாலும் மாணவர்களாக, 1,725 பேரிடம் 30 இனத்தவரைப் பற்றிக் கேட்டார். ஆங்கிலேயர் 1.06 பெற்று முதலிடம். இந்தியர் 3.91 பெற்றுக் கடைசி. மூன்றாண்டுக்கு முன்புதான், தாம் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று வாதிட்ட பகத் சிங் திண்ட் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றிருந்தார். சாதியைச் சாவியாக்கி இனத்தின் கதவைத் திறக்க முயன்ற அவ்வழக்கைச் சட்ட மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

போகார்டஸ் மணத்தை முதற்படியில் வைப்பதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்பே, 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், அகமணமே சாதியின் உயிர்நிலை என அண்ணல் அம்பேத்கர் நிறுவியிருந்தார். படிகளின் வரிசை நமக்குப் புதிதல்ல, எண்கள்தாம் புதியவை.

அளவுகோலுக்குக் குறையும் உண்டு. சொல்லும் செயலும் ஒன்றல்ல என்பதை 1934இல் ரிச்சர்ட் லாபியர் காட்டினார். சீனத் தம்பதியுடன் அவர் சென்ற 250க்கும் மேற்பட்ட விடுதி, உணவகங்களில் ஒன்றே ஒன்று மறுத்தது. பின்னர்க் கடிதத்தில் கேட்டபோதோ, பதிலளித்தவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் மறுத்தன. நம் கல்வி வளாகங்களில் இது தலைகீழ்: படிவத்தில் அனைவரும் சமத்துவவாதிகள், தொலைவு தெரிவது விடுதியின் உணவு மேசையில்.

1946, 1956, 1966 என அவர் திரும்பத் திரும்ப அளந்தார். அனைத்து இனங்களுக்குமான சராசரி 2.14இலிருந்து 1.92 ஆயிற்று. நாற்பது ஆண்டுகளில் ஒரு படியின் கால் பங்குகூட நகரவில்லை. 1973இல் அவர் காலமானார்.