பைபிளைத் தமிழாக்கிய சைவர்: எபிரேய வேதத்திலிருந்து ஆறுமுக நாவலர் எடுத்த ஆயுதம் என்ன?

கரமனையில் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டு தினமும் கழக்கூட்டத்துக்கு வேலைக்குப் போய்வரும் தமிழரா நீங்கள்? அப்படியென்றால், ஜனவரி ஒன்றைத் தவிர்த்தும் உங்களுக்கு வருஷத்துக்கு இரண்டு புத்தாண்டு. ஏப்ரல் நடுவில் சித்திரை ஒன்று. அக்ரகாரத்து வீடுகளில் பஞ்சாங்கம் மாறும். ஆகஸ்ட் நடுவில் சிங்கம் ஒன்று. நமக்கு அது ஆவணி, பக்கத்து வீட்டு மலையாளிக்குக் கொல்லம் ஆண்டின் முதல் நாள். கி.பி. 825-ல் தொடங்கிய கணக்கு அது. ஒரே சுவரில் இரண்டு காலண்டர் தொங்கும், யாருக்கும் குழப்பம் வராது.

யூதர்களின் வேதத்திலும் இதே நிலைமைதான். எகிப்தை விட்டுக் கிளம்பிய மாதத்தையே முதல் மாதமாக எண்ண வேண்டும் என்று யாத்திராகமத்தின் 12-ஆம் அதிகாரம் சொல்கிறது. மார்ச்–ஏப்ரலில் வரும் மாதம் அது. ஆனால் யூதர்கள் புத்தாண்டு கொண்டாடுவது அதிலிருந்து ஏழாம் மாதத்தில், செப்டம்பர்–அக்டோபரில். மாதம் எண்ணுவதற்கு ஒரு தொடக்கம், வருஷம் எண்ணுவதற்கு வேறொரு தொடக்கம்.

இதையெல்லாம் சுமார் 180 வருஷங்களுக்கு முன்பே வரி வரியாக உட்கார்ந்து தமிழில் எழுதிப் பார்த்த ஒருவர் இருந்தார். பாதிரியார் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சைவர். பின்னாளில் மிஷனரிகளுக்கு அவரைவிடப் பெரிய தலைவலி யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆறுமுக நாவலர் என்று பள்ளிப் பாடத்தில் பெயரைப் படித்திருப்பீர்கள். உரைநடையின் முன்னோடி, பதிப்பாசிரியர் என்று ஒரு பத்தியில் முடித்திருப்பார்கள். அந்தப் பத்தியில் வராத பகுதிதான் இங்கே முக்கியம்.

யார் இந்த ஆறுமுகம்?

1822 டிசம்பர் 18-ஆம் தேதி நல்லூரில் பிறந்தார். தமிழ் படித்த குடும்பம். சிறுவனாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். தமிழும் சமஸ்கிருதமும் வீட்டுப் பக்கத்துப் பண்டிதர்களிடம் கற்றார். ஆங்கிலத்துக்கு யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளிக்குப் போனார். அங்கே தலைமை வகித்தவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார்.

பெர்சிவல் சாதாரண ஆள் இல்லை. தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். பின்னாளில் சென்னைக்குப் போய் மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகி, ‘தினவர்த்தமானி’ என்ற பத்திரிகையும் நடத்தினார். அப்போது அவர் கையில் இருந்த பெரிய வேலை பைபிளைப் புதிதாகத் தமிழில் கொண்டுவருவது. ஏற்கெனவே 18-ஆம் நூற்றாண்டில் பாப்ரிசியஸ் செய்த மொழிபெயர்ப்பு இருந்தது. படித்த சைவர்கள் முகம் சுளிக்காமல் படிக்கிற தமிழில் ஒன்று வேண்டும் என்பது பெர்சிவலின் எண்ணம். அதற்குத் துணையாக 1841-ல் அவர் சேர்த்துக்கொண்டது, தன் பள்ளியிலேயே படித்து அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த 19 வயது ஆறுமுகத்தை. திருநீறு பூசிக்கொண்டே அவர் அந்த வேலையைச் செய்தார்.

உங்கள் ஆபீஸில் ஒரு கிளையன்டுக்காக வருஷக்கணக்கில் வேலை பார்த்தால் என்ன ஆகும்? அந்தக் கம்பெனியின் பலமும் பலவீனமும் அவர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிடும். ஆறுமுகத்துக்கு நடந்ததும் அதுதான்.

மொழிபெயர்ப்பவருக்கு என்ன சிக்கல்?

எகிப்தின் மீது வந்த பத்து வாதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நதி இரத்தமானது, தவளைகள் வந்தது, கல்மழை பெய்தது, வெட்டுக்கிளி மேய்ந்தது, மூன்று நாள் இருள் சூழ்ந்தது, கடைசியில் வீடுதோறும் தலைப்பிள்ளை செத்தது. இவற்றுக்குத் தமிழில் சொல் தேட வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவது வாதை பேனா, கொசுவா? எபிரேயச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. நான்காவது இன்னும் மோசம். மூலத்தில் உள்ள சொல்லுக்குக் கலவை, கூட்டம் என்கிற அளவுக்குத்தான் பொருள். ஈக்கூட்டம் என்று சிலர் கொண்டார்கள், காட்டு விலங்குகளின் கூட்டம் என்று யூத மரபில் பலர் கொண்டார்கள். இன்று தமிழ் வீடுகளில் இருக்கும் பழைய பைபிளில் அது வண்டு.

மாதப் பெயர்கள் இன்னொரு வகைச் சிக்கல். பெரும்பாலும் முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்ணால்தான் சொல்லப்படுகிறது. பழைய பெயர்கள் நான்கே நான்கு மிஞ்சியிருக்கின்றன. வாற்கோதுமை கதிர் விடும் காலமான ஆபீப் ஒன்று. மற்ற மூன்றும் சாலொமோன் கோயில் கட்டிய கணக்கில் வருபவை: இரண்டாம் மாதமான சீப்பில் வேலை தொடங்கியது, எட்டாம் மாதமான பூலில் முடிந்தது, ஏழாம் மாதமான ஏத்தானீமில் குடமுழுக்கு மாதிரி ஒரு பெருவிழா நடந்தது. பாபிலோனுக்குச் சிறையாகப் போய்த் திரும்பிய பிறகு எழுதிய புத்தகங்களில் பார்த்தால் நிசான், சீவான், எலூல், ஆதார் என்று புதுப்பெயர்கள். ஊரை விட்டுப் போன ஜனங்கள் போன இடத்துக் காலண்டரைச் சுமந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். கரமனைக்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இந்த மாதங்களுக்குப் பங்குனி, சித்திரை என்று போட்டுவிட முடியாது. நம் மாதம் சூரியனை வைத்து ஓடுகிறது, அவர்களுடையது அமாவாசை கழிந்து பிறை தெரிவதிலிருந்து தொடங்குகிறது. சந்திரக் கணக்கு பருவத்தோடு ஒத்துப்போகாமல் பின்தங்கும்போது, சில வருஷங்களில் ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். பஞ்சாங்கம் தெரிந்தவருக்கு இது அதிக மாசம். ஆறுமுகம் போன்ற ஒருவருக்கு இதில் அந்நியமாக ஒன்றும் பட்டிருக்காது. அங்கேதான் கதை திரும்புகிறது.

கோயில், விளக்கு, தூபம்

மிஷனரிகள் அன்றைக்குச் சைவத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டு எளிமையானது. விக்கிரகம், தீபம், தூபம், நைவேத்தியம், அபிஷேகம், தீட்டு, நாள் கிழமை பார்ப்பது எல்லாம் அஞ்ஞானம் என்பார்கள். துண்டுப் பிரசுரம் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள்.

யாத்திராகமமும் லேவியராகமமும் எண்ணாகமமும் என்ன சொல்கின்றன? பொன் குத்துவிளக்கு அணையாமல் எரிய வேண்டும். காலையும் மாலையும் தூபம் போட வேண்டும். கடவுளின் முன்னால் அப்பங்கள் படைக்க வேண்டும். ஆசாரியருக்குத் தனி உடை, தனி எண்ணெய், தனிக் குளியல். பிள்ளை பெற்றவளுக்கு இத்தனை நாள், பிணத்தைத் தொட்டவனுக்கு இத்தனை நாள் என்று தீட்டுக் கணக்கு. ஒவ்வொரு மாதப் பிறப்புக்கும் தனிப் பலி. உடன்படிக்கைப் பெட்டியின் மூடியில் சிறகு விரித்த இரண்டு கேருபீன்களின் பொன் உருவங்கள். இதெல்லாம் வெறும் சடங்கு இல்லை, ஒவ்வொன்றும் ஒரு பொருளைக் குறிக்கும் அடையாளம் என்பதுதான் அந்த மதத்தாரின் விளக்கம்.

அப்படியானால் எங்கள் கோயிலில் இருக்கும் அடையாளங்கள் மட்டும் எப்படி அஞ்ஞானமாகும்? 1854-ல் வந்த ‘சைவதூஷண பரிகாரம்’ என்ற நூலில் நாவலர் கேட்டது இதைத்தான். சைவக் கிரியை ஒவ்வொன்றையும் எடுத்து, அதற்கு இணையாக பைபிளில் என்ன இருக்கிறது என்று இடம் சுட்டி வரிசையாக வைத்தார். திட்டவில்லை என்று சொல்ல மாட்டேன், அவர் மொழி காரமானது. ஆனால் வாதம் முழுக்க எதிராளியின் புத்தகத்திலிருந்தே எடுத்தது. அதுவும் அவர்கள் சம்பளத்தில் உட்கார்ந்து கற்ற புத்தகம்!

இதற்குக் கிறிஸ்தவர்களிடம் பதில் இல்லாமல் இல்லை. பழைய ஏற்பாட்டுச் சடங்குகள் வரப்போகும் கிறிஸ்துவுக்கு நிழல் மாதிரி, அவர் வந்த பிறகு அவை தேவையில்லை என்பது அவர்கள் நிலை. அந்த வேதத்துக்குள்ளேயே அவர்கள் பக்கம் ஒரு சாட்சியும் இருக்கிறது. பாம்புகள் கடித்து ஜனங்கள் சாகும்போது மோசே ஒரு வெண்கலப் பாம்பைக் கம்பத்தில் தூக்கி வைத்தார், பார்த்தவர் பிழைத்தார்கள். பல நூறு வருஷம் கழித்து ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியதும் எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார். அடையாளம் எந்த இடத்தில் வழிபடு பொருளாக மாறுகிறது என்ற சண்டை யூதர்களுக்குள்ளேயே பழையது.

என்னைக் கேட்டால், இரண்டு தரப்பையும் ஒரே கதையில் கொண்டுவந்து நிறுத்துகிற பகுதி சாமுவேலின் முதல் புத்தகத்தில் இருக்கிறது. பெலிஸ்தர் அந்தப் பெட்டியைக் கைப்பற்றிக்கொண்டு போகிறார்கள், அவர்கள் ஊர்களில் கட்டி வந்து ஜனங்கள் சாகிறார்கள். கடைசியில் பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது ஐந்து பொன் கட்டிகளும் ஐந்து பொன் எலிகளும் செய்து காணிக்கையாக வைக்கிறார்கள். எலியும் கட்டியும் சேர்ந்து வருவதால் இது பிளேக் நோயாக இருக்கலாம் என்று ஊகிப்பவர்கள் உண்டு. பழைய தமிழ் பைபிளில் அது மூலவியாதி! அந்த எபிரேயச் சொல்லுக்கு அப்படியும் ஒரு வாசிப்பு உண்டு. நோய் வந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் செய்து அம்மன் கோயில் உண்டியலில் போடும் நம் ஊர்ப் பாட்டிக்கு இந்தக் கதையைப் பொழிப்புரை இல்லாமலே புரியும்.

வேலையை விட்ட பிறகு

1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகம் முதல் பிரசங்கம் செய்தார். பாதிரிகள் ஞாயிற்றுக்கிழமை செய்வதை இவர் வெள்ளிக்கிழமை செய்தார், அவ்வளவுதான். அதன் பிறகு வாரா வாரம் நடந்தது. 1848-ல் மிஷன் வேலையை விட்டுவிட்டு அதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாடத்திட்டம், வகுப்பு, வினாவிடைப் புத்தகம் எல்லாம் மிஷன் பள்ளியின் அச்சு. 1849-ல் அச்சு இயந்திரம் வாங்கச் சென்னைக்குப் போன பயணத்தில் திருவாவடுதுறை ஆதீனம் ‘நாவலர்’ பட்டம் கொடுத்தது. பாலபாடம், பெரியபுராண வசனம், பரிமேலழகர் உரையோடு திருக்குறள் என்று பதிப்புகள் தொடர்ந்தன. 1864-ல் சிதம்பரத்திலும் ஒரு பள்ளி.

அவர் கைபட்ட பைபிள் 1850-ல் அச்சானது. பாப்ரிசியஸின் தமிழில் ஊறிப்போன தமிழ்நாட்டுச் சபைகள் அதை ஏற்கவில்லை. பிறகு 1871-ல் பவர் குழுவினர் கொண்டுவந்த பதிப்புதான் வீடுகளில் நிலைத்தது.

நாவலரை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லக் கூடாது என்று அவர் நடத்திய சண்டை 1869-ல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. சாதி விஷயத்தில் பழைய வரம்புகளை அவர் தளர்த்தவே இல்லை. தன் மதத்தின் தீட்டு விதிகளுக்கு எபிரேய வேதத்தில் சாட்சி தேடிய அதே மனிதருக்கு, அடிமைகளை ஒரே இரவில் கிளப்பிக்கொண்டு போகும் யாத்திராகமத்தின் நடுக்கதை வேறு எதையும் சொல்லவில்லை. அதே பள்ளிகளில் அதே புத்தகத்தைப் படித்த ஒடுக்கப்பட்ட சாதியினர் பலருக்கு அந்தக் கதைதான் பெரிதாகத் தெரிந்தது.

நிஜமான வாதையும் அவர் காலத்தில் வந்தது. 1876–77-ல் மழை பொய்த்து யாழ்ப்பாணத்தில் பஞ்சம், கூடவே காலரா. நாவலர் வணிகர்களிடம் கேட்டு வாங்கிக் கஞ்சித்தொட்டி வைத்தார். அரசாங்க ஏஜென்ட் துவைனம் பஞ்சத்தைக் கையாண்ட விதத்தைக் கூட்டம் போட்டும் எழுதியும் கண்டித்தார். அதுவரை சமயச் சண்டை போட்டவர், கடைசிச் சில வருஷங்களில் ஊர்ப் பொதுக்காரியத்துக்கு வந்துவிட்டார். 1879-ல் சட்டசபைக்குப் பொன்னம்பலம் இராமநாதனை அனுப்ப வேண்டும் என்று ஆதரவு திரட்டியது அவர் கடைசிப் பெரிய வேலை.

அதே வருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி இறந்தார். பெர்சிவல் அதற்குப் பின் மூன்று வருஷம் இருந்தார். நாவலரின் குருபூசையை டிசம்பர் 5-ல் தேடாதீர்கள். கார்த்திகை மாதம் மக நட்சத்திரத்தில்தான் செய்கிறார்கள். பஸ்கா பண்டிகை மாதிரியே, அதுவும் உங்கள் போன் காலண்டரில் ஒவ்வொரு வருஷமும் வேறொரு தேதியில் வந்து நிற்கும்.